தை பிறந்தது, சலுகை போயிற்று!

எங்கள் எதிர் வீட்டு அம்மாளுக்கு ஒரே பெண். அமெரிக்காவில், கொலராடோ ராஜ்யத்தில், டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்துகிறாள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். 2025-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் பெண் போனில் கூப்பிட்டாளாம். "அம்மா, மின்சாரக் கார் வாங்கப் போகிறோம். எல்லாம் பேசி முடிச்சாச்சு. வருகிற சனிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான்" என்றாளாம்.

அம்மாள் பதறிப் போய்விட்டார்.

"ஐயையோ! மார்கழி பிறந்தாச்சேடி! மார்கழியிலே யாராவது புது வண்டி வாங்குவாங்களா? இன்னும் மூணு நாலு வாரம்தானே, பொறுத்துக்கோ. தை பிறந்ததும் நல்ல நாளாப் பார்த்து நானே சொல்றேன்."

தாய் சொல்லைத் தட்டாத பெண். கேட்டுக்கொண்டாள். தை பிறந்தது. பஞ்சாங்கம் பார்த்து அம்மாள் நாளும் குறித்துக் கொடுத்தார். தம்பதிகள் கடைக்குப் போனார்கள். கையெழுத்துப் போடுகிற சமயத்தில்தான் கடைக்காரர் மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னாராம். டிசம்பரில் வாங்கியிருந்தால் ராஜ்ய சர்க்கார் கொடுக்கும் வரிச் சலுகை 3,500 டாலர். ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 750 டாலர்!

வித்தியாசம் 2,750 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய்.

மாப்பிள்ளை தங்கமானவர். கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லை, மார்கழி மாதத்துக்குத் தட்சிணை கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்புத்தான் அம்மாளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மறு நாளே தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன் தம்பி, நீங்க பத்திரிகையிலே எழுதறவங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஒரு சர்க்கார் ராவோடு ராவா இப்படிப் பணத்தைக் குறைச்சுடுமா? அது என்ன சலுகை? நான் சொன்னதாலேதானே அந்தப் பணம் போச்சு?"

உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் ஒன்றும் தெரியாது. "விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்று அனுப்பிவைத்தேன். பிறகு ஒரு வாரம் அதே வேலையாக உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ அந்த நாட்டில் இருக்கலாம். அப்படி யாரும் இல்லாவிட்டாலும், ஒரு சர்க்கார் ‘சலுகை’ என்று சொல்லும்போது அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது, யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்று தெரிந்துகொள்வது எந்தக் குடும்பத்துக்கும் நல்லதுதானே?

போர்டு வீட்டு அம்மாளின் கார்

மின்சாரக் கார் ஏதோ நேற்று முளைத்த அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நம் கொள்ளுப் பாட்டிமார் காலத்துச் சமாசாரம். மலிவு விலைப் பெட்ரோல் கார்களை ஊரெல்லாம் ஓட விட்ட ஹென்றி போர்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய மனைவி கிளாரா போர்டு எந்தக் காரில் போய் வந்தார், தெரியுமா? ‘டெட்ராயிட் எலெக்ட்ரிக்’ என்ற மின்சாரக் காரில்! 1914-ம் வருஷத்துக் கார் அது. அவருடைய கணவர் மின்சாரக் கார் செய்து விற்றவர் அல்ல. வேறொரு கம்பெனியின் கார்தான் அந்த அம்மாளுக்குப் பிடித்திருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்துப் பெட்ரோல் காரைக் கிளப்ப வேண்டுமானால், முன்னால் நின்றுகொண்டு இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினால் மணிக்கட்டு முறிந்துவிடும். போதாக்குறைக்குப் புகை, நாற்றம், இரைச்சல். மின்சாரக் காரில் இந்த உபத்திரவம் எதுவும் கிடையாது. ஏறி உட்கார்ந்தால் சத்தமில்லாமல் நகரும். ஆகவே பெண்களுக்கு ஏற்ற கார் என்றே கம்பெனிக்காரர்கள் விளம்பரம் செய்தார்கள்.

பிறகு ஏன் அது மறைந்து போயிற்று? முக்கியமான காரணம், விலை. 1912-ல் ஒரு மின்சாரக் காரின் விலை 1,750 டாலர். பெட்ரோல் கார் 650 டாலருக்குக் கிடைத்தது. கைப்பிடி சுழற்றாமலே பெட்ரோல் காரைக் கிளப்பும் சாதனமும் அதே வருஷத்தில் வந்துவிட்டது. அப்புறம் யார் மூன்று மடங்கு விலை கொடுப்பார்கள்?

நூறு வருஷத்துக்குப் பிறகு மின்சாரக் கார் மறு ஜன்மம் எடுத்தபோதும் இதே வியாதிதான் அதைப் பிடித்திருந்தது. பாட்டரி விலை அதிகம். ஆகவே கார் விலையும் அதிகம். இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டால் ஜனங்கள் துணிந்து வாங்குவார்கள் என்பதுதான் வரிச் சலுகையின் அடிப்படை.

சர்க்காருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? காற்றுத்தான் லாபம். டென்வர் நகரம் பெரிய மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. வண்டிகளும் தொழிற்சாலைகளும் கக்கும் புகை, சில நாட்களில் வெளியேற வழியில்லாமல் நகரத்தின் மேலேயே தங்கிப் பழுப்பு நிறப் போர்வைபோல் நின்றுவிடும். கோடை காலத்தில் வெயிலும் புகையும் சேர்ந்து ஓஸோன் என்ற வாயுவை உண்டாக்கும். குழந்தைகளுக்கு இழுப்பு வருவதற்கு அது ஒரு காரணம். 2022-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா, டென்வர் வட்டாரத்தின் ஓஸோன் நிலைமையைக் ‘கடுமை’ என்ற வகையில் சேர்த்தது. இப்போது தெரிகிறதா, அந்த ராஜ்யம் மின்சாரக் காருக்கு ஏன் கையை நீட்டிப் பணம் கொடுக்கிறது என்று?

மளிகைக் கடை நோட்டு

வரிச் சலுகையில் இரண்டு ஜாதி உண்டு. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல் ஜாதி, வருமானத்தில் கழிக்கும் சலுகை. "உன் வருமானத்தில் 5,000 டாலரை நான் கணக்கில் சேர்க்கவில்லை, மீதிக்கு வரி கட்டு" என்று சர்க்கார் சொல்லும். கொலராடோவில் 2023-ம் வருஷ வருமானத்துக்கு வரி விகிதம் நூற்றுக்கு 4.40 டாலர். ஆகவே 5,000 டாலரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உங்களுக்கு மிச்சம் 220 டாலர்தான்.

இரண்டாவது ஜாதி, வரியிலேயே கழிக்கும் சலுகை. அங்கே இதற்கு ‘டாக்ஸ் கிரெடிட்’ என்று பெயர். இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பட்டணத்துப் பெரிய கணக்கர் யாரும் வேண்டாம். மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டே போதும். மாதக் கடைசியில் கடைக்காரர் உங்கள் பற்றைக் கூட்டுகிறார். 2,640 வருகிறது. அந்தச் சமயம் பார்த்து வரவுப் பக்கத்தில் யாரோ உங்கள் பெயரில் 5,000 என்று எழுதிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் டாக்ஸ் கிரெடிட். ஐயாயிரம் என்றால் ஐயாயிரமும் உங்களுக்கு வரவு. இருநூற்றிருபது அல்ல!

மின்சாரக் காருக்குக் கொலராடோ கொடுப்பது இந்த இரண்டாவது ஜாதி. கார் புதிதாக இருக்க வேண்டும். பழைய காருக்குக் கிடையாது. அந்த ராஜ்யத்திலேயே பதிவு செய்ய வேண்டும். கம்பெனி குறித்த விலை 80,000 டாலருக்கு மேல் போகக் கூடாது. வாங்காமல் வாடகைக் குத்தகைக்கு எடுத்தாலும் உண்டு. ஆனால் குத்தகை இரண்டு வருஷத்துக்குக் குறையக் கூடாது. வாங்குபவரின் வருமானம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்ற வரம்பு இல்லை.

மீதிப் பணம் யாருக்கு?

இப்போதுதான் முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். பற்று 2,640, வரவு 5,000. பற்றுப் போக மீதி 2,360 இருக்கிறதே, அது யாருக்கு?

நல்ல கடைக்காரர், "இந்தாருங்கள் மீதி" என்று எடுத்துக் கொடுப்பார். வேறொரு கடைக்காரர், "உங்கள் பற்றை அடித்துவிட்டேன். அத்துடன் சரி. மீதி கிடையாது" என்று நோட்டை மூடுவார். மூன்றாமவர், "மீதியை அடுத்த மாதப் பற்றில் கழித்துக்கொள்ளலாம்" என்பார். அமெரிக்காவில் இந்த மூன்று மாதிரியும் உண்டு!

கொலராடோ முதல் மாதிரி. அங்கே வருஷத்துக்கு 60,000 டாலர் வரிக்குரிய வருமானம் உள்ள ஒரு குடும்பம் 2023 ஆகஸ்டு மாதத்தில் மின்சாரக் கார் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அந்த வருஷத்து ராஜ்ய வரி 2,640 டாலர். அதைச் சம்பளத்திலிருந்து மாதா மாதம் பிடித்திருப்பார்கள். அடுத்த வருஷம் கணக்குக் கொடுக்கும்போது அந்த 2,640 டாலரும் திரும்பி வரும். அதற்கு மேல் 2,360 டாலரும் வரும். ஆகக் கூடி 5,000. வருமானம் 20,000 டாலராக இருந்து வரி 880 டாலர்தான் என்றாலும், வந்து சேருவது அதே 5,000 தான்.

மத்திய சர்க்கார் நெடுநாள் இரண்டாவது மாதிரியைக் கடைப்பிடித்து வந்தது. மின்சாரக் காருக்கு அது கொடுத்த சலுகை 7,500 டாலர் வரை. கேட்பதற்குப் பிரமாதம்! ஆனால் மத்திய வரி 7,500 கட்டுகிறவருக்குத்தான் முழுப் பணமும். 2,000 கட்டுகிறவருக்கு 2,000 தான். மீதி, காற்றோடு போயிற்று.

இதன் பலன் என்ன ஆயிற்று, தெரியுமா? கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸெவரின் போரன்ஸ்டைன், லூகாஸ் டேவிஸ் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் பல வருஷத்து வரிக் கணக்குகளை ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜனங்களை வருமானப்படி ஐந்து பங்காகப் பிரித்தால், மேல் தட்டில் உள்ள ஒரு பங்கு ஜனங்களே மின்சாரக் கார்ச் சலுகையில் நூற்றுக்குத் தொண்ணூறை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்! யாருக்குப் பணம் அதிகம் வேண்டுமோ அவர்களுக்கு மிகக் குறைவு. யாருக்குத் தேவையே இல்லையோ அவர்களுக்கு முழுசு. சலுகை கொடுத்தவர்கள் யாரையும் விலக்கி வைக்கவில்லை. பணத்தை வரிக் கணக்கின் வழியாக அனுப்பினார்கள். வரி கட்டாதவர் வீட்டுக்கு அந்த வழி போகவில்லை. அவ்வளவுதான்.

கடையிலேயே கழித்துக்கொள்ளலாம்

முழுப் பணமும் கிடைத்தால் போதுமா? எப்போது கிடைக்கிறது என்பதும் ஒரு கேள்வி அல்லவா? ஆகஸ்டில் கார் வாங்கினால், அடுத்த வருஷம் வரிக் கணக்குக் கொடுத்த பிறகுதான் பணம். அது வரையில் முழு விலையையும் நாம்தான் சுமக்க வேண்டும். கடன் வாங்கிக் கார் வாங்கினால் அந்த ஐயாயிரத்துக்கும் சேர்த்து வட்டி. கையில் ரொக்கம் உள்ளவருக்கு இது பெரிதல்ல. மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவருக்கோ இதுதான் பெரிது.

இதற்கும் கொலராடோ ஒரு வழி கண்டுபிடித்தது. சலுகை வாங்கும் உரிமையை வாங்குபவர் கடன் கொடுக்கும் கம்பெனிக்கோ கார் விற்கும் கடைக்கோ எழுதிக் கொடுத்துவிடலாம். அவர்கள் அந்தத் தொகையை அப்போதே விலையில் கழித்துக்கொண்டு, பிறகு சர்க்காரிடம் வாங்கிக்கொள்வார்கள். சிறு தொகை ஒன்றைச் சேவைக் கட்டணமாக எடுத்துக்கொள்வதுண்டு. எல்லாக் கடைகளும் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

மத்திய சர்க்காரும் 2024 ஜனவரியிலிருந்து தன் சலுகையை இப்படிக் கடையிலேயே கழித்துக்கொள்ள அனுமதித்தது. அதில் ஒரு வேடிக்கை: கடைக்கு எழுதிக் கொடுத்தவர், தாம் கட்டும் வரி குறைவாக இருந்தாலும் முழுத் தொகையையும் பெற முடிந்தது. பத்து வருஷத்துக்கு மேலாக இருந்த குறை, ஒரு கையெழுத்தில் தீர்ந்துவிட்டது!

2024-ல் கொலராடோவில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. 35,000 டாலருக்குக் குறைந்த விலையுள்ள மின்சாரக் காருக்கு, 5,000 டாலருக்கு மேல் இன்னும் 2,500 டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். பங்களாக்காரர்களின் காரைவிடச் சின்னக் குடும்பத்தின் சின்னக் காருக்கு அதிகச் சலுகை! ராஜ்யச் சலுகை 7,500, அதோடு மத்திய சலுகை, கம்பெனியின் தள்ளுபடி எல்லாம் ஒன்று சேர்ந்தன. டென்வர் பக்கத்துக் கடைகள் சில, மாதம் 20 டாலருக்கும் குறைந்த குத்தகையில் சின்ன மின்சாரக் கார்களைக் கொடுத்தன. அந்த வருஷம் மூன்றாவது காலாண்டில் கொலராடோவில் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று மின்சாரக் கார். எப்போதும் முதலிடத்தில் இருந்த கலிபோர்னியாவையே அது முந்திவிட்டது.

சர்க்காரும் நாள் பார்க்கும்

"எல்லாம் சரி, அந்த 3,500 ஏன் 750 ஆயிற்று?" என்று எதிர் வீட்டு அம்மாளைப் போலவே நீங்களும் கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

இந்தச் சலுகை என்றைக்கும் நிலையாக இருப்பதற்காக ஏற்பட்டதல்ல. குழந்தை நடை பழகும் வரையில் கையைப் பிடித்துக்கொள்கிறோம். பிறகு மெதுவாக விட்டுவிடுகிறோம். அதைப் போலத்தான். கொலராடோவில் 2017 முதல் 2019 வரையில் 5,000 டாலர். 2020-ல் 4,000. பிறகு இரண்டு வருஷம் 2,500. 2023 தொடக்கத்தில் 2,000. இப்படி இறங்கிக்கொண்டே வந்ததை, ஜாரெட் போலிஸ் என்ற கவர்னர் 2023 மே மாதம் கையெழுத்திட்ட ஒரு சட்டம் திரும்பவும் ஏற்றிவிட்டது. அந்த வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து 5,000. ஜூன் 30-ம் தேதி கார் வாங்கியவருக்கு 2,000. மறு நாள் வாங்கியவருக்கு 5,000!

ஏறின படியிலிருந்து இறங்கும் நாளையும் அதே சட்டம் குறித்து வைத்திருந்தது. 2025 ஜனவரியில் 3,500. 2026 ஜனவரியில் 1,500. அதிலும் ஒரு நிபந்தனை: ராஜ்யத்தின் வருமானம் போதிய அளவு வளராது என்று மதிப்பீடு வந்தால் அந்த 1,500 பாதியாகிவிடும். மதிப்பீடு அப்படித்தான் வந்தது. ஆகவே 750.

ராவோடு ராவாக நடந்த காரியம் அல்ல இது, பார்த்தீர்களா? இரண்டரை வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்த நாள். நாம் பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பதைப் போல, சர்க்காரும் சட்டத்தில் நாள் பார்த்து வைத்திருக்கிறது. என்ன, அவர்கள் பஞ்சாங்கம் நம் வீட்டுச் சுவரில் தொங்குவதில்லை!

மத்திய சர்க்காரின் நாள் இன்னும் திடீரென்று வந்தது. 7,500 டாலர் சலுகை 2032 வரையில் இருக்கும் என்று 2022-ல் சட்டம் செய்திருந்தார்கள். 2025 ஜூலை 4-ம் தேதி கையெழுத்தான புதுச் சட்டம் அதை மாற்றி, அதே வருஷம் செப்டம்பர் 30-ம் தேதிக்குப் பிறகு வாங்கும் காருக்குச் சலுகை கிடையாது என்று முடித்துவிட்டது. அந்தத் தேதிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முன்பணமும் கொடுத்தவர்கள், பிறகு கார் கைக்கு வந்தாலும் தப்பித்தார்கள். செப்டம்பர் கடைசியில் கார்க் கடைகளில் தீபாவளிக்கு முதல் நாள் ஜவுளிக் கடைக் கூட்டம்!

ஜார்ஜியாவில் நடந்தது

சலுகையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜியா ராஜ்யத்தின் கதையே சாட்சி. அங்கே புகையில்லாத காருக்கு 5,000 டாலர் வரை ராஜ்ய வரியில் சலுகை இருந்தது. அது மூன்றாவது மாதிரிக் கடைக்காரர்: மீதியைக் கையில் கொடுக்கமாட்டார், ஐந்து வருஷம் வரையில் அடுத்தடுத்த வரியில் கழித்துக்கொள்ளலாம். குத்தகைக் காருக்கும் உண்டு.

அட்லாண்டா நகரத்து உத்தியோகஸ்தர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ‘நிஸ்ஸான் லீப்’ என்ற சின்ன மின்சாரக் காரை இரண்டு வருஷக் குத்தகைக்கு எடுத்தால், குத்தகைப் பணத்தில் பெரும் பகுதியைச் சலுகையே கொடுத்துவிடும்! பெட்ரோல் செலவும் மிச்சம். விடுவார்களா? அமெரிக்காவில் அந்தக் கார் மிக அதிகமாக விற்ற நகரங்களில் ஒன்றாக அட்லாண்டா ஆகிவிட்டது.

ராஜ்யத்தின் சட்டசபையில் முணுமுணுப்புக் கிளம்பியது. "வசதியுள்ளவர்கள் இலவசமாகக் கார் ஓட்டுவதற்கு ஏழைகள் வரி கட்டுவதா?" என்று கேட்டார்கள். 2015 ஜூலை முதல் தேதியோடு சலுகை நின்றது. அது மட்டுமல்ல; மின்சாரக் கார் வைத்திருப்பவர் வருஷத்துக்கு 200 டாலர் கட்ட வேண்டும் என்றும் வந்தது. பெட்ரோல் போடுகிறவர்கள் கட்டும் வரியிலிருந்துதான் ரோடு போடுகிறார்கள். மின்சாரக் கார்க்காரரும் அதே ரோட்டில்தானே போகிறார் என்பது அவர்கள் வாதம். மின்சாரக் கார் விற்பனை சரசரவென்று சரிந்தது.

யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வசதியுள்ளவருக்கே போய்ச் சேருகிற சலுகை நெடுநாள் நிற்காது. அதற்குப் பரிந்து பேச ஊரில் ஆள் இருக்கமாட்டார்கள். சின்னக் காருக்கு அதிகமாக, கையில் மீதியோடு, கடை வாசலிலேயே கொடுத்தால்தான் அது குடும்பங்களுக்குப் போய்ச் சேருகிறது. கொலராடோ கற்றுக்கொண்டதும் அதுதான்.

பந்திக்கு முந்து

எல்லா ராஜ்யங்களும் வருமான வரியில்தான் சலுகை கொடுக்கின்றன என்று எண்ண வேண்டாம். மேரிலண்டில் காரைப் பெயர் மாற்றிப் பதிவு செய்யும்போது கட்டும் வரியில் 3,000 டாலர் வரை கழித்தார்கள். 2023 ஜூலையில் இந்தத் திட்டம் மறுபடியும் ஆரம்பமாயிற்று. ஆனால் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்தார்கள். கல்யாணப் பந்தியில் முதல் பந்திக்கே பாயசம் தீர்ந்து போனால் எப்படி? முதலில் வந்தவர்களுக்கே பணம் தீர்ந்து போயிற்று. பிந்தி வந்தவர்களுக்கு, தகுதி இருந்தும் பணம் இல்லை.

நம்மவர்கள் நிறைய வசிக்கும் நியூ ஜெர்ஸியில் வேறு மாதிரி. மின்சாரக் காருக்கு விற்பனை வரியே கிடையாது என்று வெகு காலம் வைத்திருந்தார்கள். அங்கே விற்பனை வரி நூற்றுக்கு 6.625. 40,000 டாலர் காருக்கு 2,650 டாலர் மிச்சம். எந்தப் படிவமும் வேண்டாம், அடுத்த வருஷம் வரையில் காத்திருக்கவும் வேண்டாம், பில்லிலேயே வராது. இருப்பதற்குள் சுலபமான முறை இதுதான். ஆனால் 2024 அக்டோபரில் பாதி வரி வந்தது. 2025 ஜூலையில் முழு வரியும் வந்துவிட்டது.

கையெழுத்துப் போடுமுன்

உங்கள் பெண்ணோ பிள்ளையோ அங்கே மின்சாரக் கார் வாங்கப் போவதாகச் சொன்னால், நிறம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

"இப்போது உங்கள் ராஜ்யத்தில் சலுகை உண்டா? எந்தத் தேதியில் குறைகிறது? ஒதுக்கிய பணம் இன்னும் மீதி இருக்கிறதா?"

"சலுகை வரியில் கழிவதா, வருமானத்தில் கழிவதா?"

"நீங்கள் கட்டும் வரியைவிடச் சலுகை அதிகமாக இருந்தால் மீதியைக் கையில் கொடுப்பார்களா?"

"கடையிலேயே விலையில் கழித்துக்கொள்ள அந்தக் கடைக்காரர் சம்மதிக்கிறாரா? சேவைக் கட்டணம் எவ்வளவு?"

"காரின் விலை வரம்புக்குள் இருக்கிறதா? குத்தகையானால் எத்தனை வருஷம்?"

கடைசியாக ஒன்று. வாங்கிய ரசீது, ஒப்பந்தம், காரின் அடையாள எண், பதிவுக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். கொலராடோவில் வரிக் கணக்கோடு டி.ஆர். 0617 என்று ஒரு படிவமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் சலுகையும் இல்லை. இந்த விஷயத்தில் எல்லா நாட்டுச் சர்க்காரும் ஒன்றுதான்!

இவ்வளவையும் எதிர் வீட்டு அம்மாளிடம் போய்ச் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நான் சொன்னதாலே போகலையா, தம்பி?"

"உங்கள் பேரில் பாதிதான் குற்றம், அம்மா. நீங்கள் மார்கழியைப் பார்த்தீர்கள். அவர்கள் டிசம்பர் 31-ம் தேதியைப் பார்க்கவில்லை. இரண்டு பேரில் யாராவது ஒருவர் இரண்டையும் பார்த்திருந்தால், மார்கழி பிறப்பதற்கு முன்னாலேயே, கார்த்திகையில் நல்ல நாள் பார்த்து வாங்கியிருக்கலாமே!"

அம்மாளின் முகம் கொஞ்சம் தெளிந்தது. உள்ளே போனார். சுவரில் தொங்கிய காலண்டரையும் ஒரு பென்ஸிலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"பக்கத்து ஊரிலே இருக்கிற என் தங்கை பிள்ளையும் அங்கேதான் நியூயார்க்கிலே இருக்கான். அவனும் கார் வாங்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கான். அந்த ராஜ்யத்துச் சர்க்காருக்கு எது நல்ல நாள்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, தம்பி. அதுக்குள்ளே நம்ம நல்ல நாளை நான் பார்த்துக்கறேன்!"